செயின் ரம்பம்: ஆபத்து முனையில் இருக்கிறது

2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது, பட்டுக்கோட்டை, பேராவூரணி வட்டாரத் தென்னந்தோப்புகள் வரிசை வரிசையாகச் சாய்ந்தன. அதன்பின் பல வாரங்கள் அந்த ஊர்களில் விடிந்தால் செயின் ரம்பச் சத்தம்தான். கோடாலிக்காரர் வியர்த்துக்கொட்டி முடிக்கிற வேலையைச் சில நிமிடங்களில் முடித்துவிடும் மிஷின். அதைப் பிடித்து நின்றவர்களில் பலர் லுங்கியும் ரப்பர் செருப்புமாகத்தான் இருந்தார்கள்.

உள்ளே இருப்பது பழைய ஸ்கூட்டர்களில் இருந்ததைப் போன்ற டூ-ஸ்ட்ரோக் எஞ்சின். பெட்ரோலோடு டூ-டி ஆயில் கலந்து ஊற்ற வேண்டும். எஞ்சின் மெதுவாக ஓடும்போது கிளட்ச் பிடிக்காது, செயினும் நிற்கும். முடுக்கினால் செயின் நொடிக்கு 20 மீட்டருக்குக் குறையாத வேகத்தில், அதாவது மணிக்கு 72 கிலோமீட்டரில், பார் என்கிற நீளமான தகட்டைச் சுற்றி ஓடும். முடுக்கியை விட்ட பிறகும் செயின் ஊர்ந்துகொண்டே இருந்தால், கார்புரேட்டரைச் சரிசெய்யாமல் அந்த மிஷினைத் தொடக்கூடாது.

செயினின் பல்லைக் கிட்டத்தில் பார்த்தால் அதன் சாமர்த்தியம் தெரியும். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் மரம் வெட்டிக்கொண்டிருந்த ஜோசப் காக்ஸ், 1946இல் ஓர் அடிக்கட்டையைக் குடைந்துகொண்டிருந்த வண்டின் புழுவைக் கவனித்தார். அது இரண்டு தாடைகளையும் இடமும் வலமுமாக அசைத்துக் கட்டையைச் சீவித் தள்ளியது. அந்தத் தாடையின் வளைவை இரும்பில் செய்ததுதான் இன்றைய செயினின் பல். இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என்று மாறி மாறி வரும். ஒவ்வொரு பல்லுக்கும் முன்னால் ஒரு குட்டை மேடு உண்டு. பல்லைவிட அது ஏறத்தாழ 0.65 மில்லிமீட்டர் தாழ்ந்திருக்கும். பல் ஒரு தடவைக்கு அவ்வளவு ஆழம்தான் கடிக்கலாம் என்று கட்டுப்படுத்துவது அந்த மேடுதான். சீக்கிரம் அறுக்க வேண்டும் என்று அதை அரத்தால் ராவித் தள்ளுகிறவர்கள் இருக்கிறார்கள். வம்பை விலைக்கு வாங்குவது என்றால் இதுதான்.

பாரின் முனையில், அதுவும் முனையின் மேல் கால்பாகத்தில், இந்தக் கட்டுப்பாடு குலைந்துபோகிறது. செயின் அங்கே வளைந்து திரும்புவதால் பல்லுக்கும் மேட்டுக்கும் உள்ள இடைவெளி விரிகிறது. பல் அளவுக்கு மீறிக் கடித்து மாட்டிக்கொள்கிறது. ஓடுகிற செயினுக்கு மேலே போக வழியில்லை. அந்த விசை முழுவதும் பாரை மேலும் பின்னுமாகத் தூக்கி, பிடித்திருப்பவரின் முகத்தையும் கழுத்தையும் நோக்கி எறிகிறது. நாம் சுதாரிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். ‘நான் முப்பது வருஷமா பிடிக்கிறேன்’ என்கிற கைப்பழக்கம் இங்கே செல்லாது.

அதனால்தான் முன்கைப்பிடிக்கு எதிரே ஒரு தடுப்பு வைக்கப்பட்டிருக்கிறது. ரம்பம் எகிறும்போது இடதுகை அதில் மோதும். நல்ல மிஷினில் கை படாவிட்டாலும் உதறலிலேயே அது முன்னால் சாயும். உடனே ஓர் இரும்புப் பட்டை கிளட்ச் டிரம்மை இறுக்கிச் செயினை நிறுத்திவிடும். இடதுகைக் கட்டைவிரல் கைப்பிடியைக் கீழ்ப்பக்கமாகச் சுற்றிப் பிடித்திருந்தால்தான் இந்தப் பிரேக்கால் முழுப் பயன். விரலை மேலே வைத்துப் பிடித்தால் எகிறும்போது பிடி நழுவிப்போகும். முகத்தைச் செயினின் நேர்கோட்டில் வைக்காமல் சற்று இடதுபுறம் ஒதுங்கி நிற்பதும், தோளுக்கு மேலே தூக்கி அறுக்காமல் இருப்பதும் இதே காரணத்துக்காகத்தான். மரத்தில் ஏறி ஒற்றைக் கையால் கிளை அறுப்பதைப் பார்க்கும்போது எனக்கு வயிறு கலங்கும்.

காயம் என்னவோ காலில்தான் அதிகம் படுகிறது. அதற்கென்றே ஒரு கால்சட்டை உண்டு. செயின் பட்டால் உள்ளிருக்கும் நீளமான இழைகள் பிய்ந்துவந்து, செயினை ஓட்டும் பல்சக்கரத்தைச் சுற்றிக்கொண்டு அதை நிறுத்திவிடும். ஆயிரக்கணக்கில் கொடுத்து மிஷின் வாங்குகிறவர்கள் இதை வீண்செலவு என்று ஒதுக்குகிறார்கள். கண்ணாடி, காதடைப்பான், முனையில் இரும்பு வைத்த பூட்ஸ் ஆகியவற்றுக்கும் அதே கதிதான்.

மழுங்கிய செயினும் ஆபத்தே. அறுக்கும்போது துருவல் துருவலாகக் கொட்டினால் பல் கூர்மையாக இருக்கிறது. மாவாகப் பறந்தால் உருட்டு அரத்தை எடுக்க வேண்டும். மண் ஒட்டிய மரமாக இருந்தால் கொஞ்ச நேரத்திலேயே மாவு பறக்கத் தொடங்கிவிடும். மழுங்கிய ரம்பத்தை ஆள் தன் எடையைப் போட்டு அழுத்துவார். மரம் அறுந்து விழும் கணத்தில் தடுமாறுவார்.

நிற்கிற மரத்தைவிடப் புயலில் சாய்ந்த மரம் பொல்லாதது. அதற்குள் இழுவிசையும் அழுத்தமும் முறுக்கிக்கொண்டு கிடக்கும். இரு முனையும் தாங்கலில் இருந்தால் மேல்பக்கம் அழுந்தியிருக்கும், அடிப்பக்கம் இழுபட்டிருக்கும். மேலே மூன்றில் ஒரு பங்கு மட்டும் அறுத்துவிட்டு, மீதியை அடியிலிருந்து அறுக்க வேண்டும். ஒரு முனை அந்தரத்தில் தொங்கினால் இந்த வரிசை தலைகீழாகும். இழுபட்ட பக்கத்தை முதலில் தொட்டால் மரம் பிளந்து தெறிக்கும். அழுந்திய பக்கத்தில் அதிகம் இறங்கினால் பார் சிக்கிக்கொள்ளும். அடியிலிருந்து அறுக்கும்போது செயின் மிஷினை நம் பக்கம் தள்ளும் என்பதால் காலை ஊன்றி நிற்க வேண்டும்.

வேரோடு பெயர்ந்த மரத்தில் இன்னொரு கண்ணி இருக்கிறது. வேர்மண் சுவர் மாதிரி எழும்பி நிற்கும். அதனடியில் பெரிய குழி. தண்டை அறுத்ததும் அதுவரை இழுத்துப் பிடித்திருந்த பாரம் போய்விடுவதால், அந்தச் சுவர் சட்டென்று குழிக்குள் திரும்பி உட்காரலாம். மிஷினை முடுக்குவதற்கு முன் குழிக்குள் ஆளோ, பிள்ளைகளோ, கன்றுக்குட்டியோ இருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பது அறுப்பவரின் பொறுப்பு. சத்தம் தொடங்கிவிட்டால் யார் கத்தினாலும் அவர் காதில் விழாது.