அருங்காட்சியகத்தில் கட்டடப் பணி

பழைய கோயிலில் திருப்பணி தொடங்குமுன் பாலாலயம் அமைத்தல் நம் நாட்டு வழக்கம். கருவறையில் வேலை நடைபெறுங்காலத்தும் வழிபாடு தடையுறாதவாறு சிறியதோர் இடத்தை ஒதுக்கி, அங்கே பூசையை நடத்துவர். பணியும் நடைபெறல் வேண்டும்; வழிபாடும் நிற்றலாகாது; ஒன்றால் மற்றொன்றுக்கு ஊறு நேர்தலும் ஆகாது என்பதே அவ்வேற்பாட்டின் கருத்து. இத்தகைய பொறுப்பு அருங்காட்சியகங்களை நடத்துவோர்க்கும் உண்டு.

அருங்காட்சியகக் கட்டடமும் காலத்தாற் பழுதுறும். கூரை ஒழுகும், சுவர் வெடிக்கும், புதிய கூடங்களும் தேவைப்படும். நம் வீடாயின், பொருள்களை ஒதுக்கிவிட்டு உறவினர் இல்லத்திற் சின்னாள் தங்கலாம். பல டன் எடையுள்ள கற்சிலையையும், தொட்டால் உதிரும் பழஞ்சுவடியையும் அவ்வாறு எளிதிற் பெயர்த்தல் இயலுமோ? ஆண்டுக்கணக்காகக் கதவை அடைத்துவைப்பின் மக்கள் கல்விக்குக் கேடன்றோ? ஆதலின், ஒருபுறம் மக்கள் கண்டு மகிழ, மற்றொருபுறம் வேலை நடைபெறுதல் பல இடங்களில் இன்றியமையாததாகின்றது. அப்போது காக்கப்படவேண்டுவன மூன்று: பணி செய்வோர் உயிர், பார்க்க வருவோர் உயிர், காட்சிக்கு வைத்த பொருள்கள். மனிதர் இடரைக் கண்டாற் கூவுவர், ஓடித் தப்புவர். பொருள்களுக்கோ வாயும் இல்லை, காலும் இல்லை.

இடர்களுள் தலையாயது தீ. இங்கிலாந்தின் தென்பகுதியில் அப்பார்க் என்னும் மாளிகை உளது. அது 17ஆம் நூற்றாண்டின் இறுதியிற் கட்டப்பெற்றது. பழைய ஓவியங்களும் அழகிய மரச்சாமான்களும் நிறைந்து, அருங்காட்சியகம் போலவே பொதுமக்கள் பார்வைக்குத் திறந்துவைக்கப்பட்டது. 1989ஆம் ஆண்டில் அதன் கூரையைச் செப்பனிட்டனர். வேலை முடியச் சில நாள்களே எஞ்சியிருந்தன. ஆகஸ்டு 30ஆம் நாள், மாளிகை மக்களுக்குத் திறந்திருந்த வேளையில், கூரையின் ஈயத் தகடுகளை அனலால் இணைக்கும் வேலையிலிருந்து தீப் பற்றியது. ஊழியரும், தீயணைப்போரும், பார்க்க வந்தவருங்கூடக் கைகொடுத்துக் கீழ்த்தளத்துப் பொருள்களுட் பெரும்பாலானவற்றை வெளியே கொணர்ந்தனர். எனினும், கூரையும் மேல்தளமும் எரிந்து வீழ்ந்தன. மாளிகையைச் சீர்ப்படுத்தி மீண்டும் திறக்க 1995ஆம் ஆண்டு ஆயிற்று. காக்கவேண்டித் தொடங்கிய வேலையே அழிவுக்குக் காரணமாயிற்று என்பதை எண்ணுக!

இத்தகைய தீங்கு நேராவண்ணம் இக்காலத்தார் பல விதிகளைக் கைக்கொள்ளுகின்றனர். அனல் கொண்டு செய்யும் வேலைக்கு அன்றன்றும் எழுத்து மூலம் இசைவு பெறல் வேண்டும். அருகிலுள்ள மரத்தூள், துணி, வண்ணநெய் முதலியவற்றை முன்னரே அகற்றல் வேண்டும். தீயணைக்கும் கருவியுடன் ஒருவர் காவல் நிற்றல் வேண்டும். வேலை முடிந்தவுடன் அவர் போய்விடலாகாது. பொறி ஒன்று பலகை இடுக்கிற் புகுந்து நெடுநேரம் கனன்று, பின்னர்ச் சுடர்விடுதல் கூடும். ஆதலின், குறைந்தது ஒரு மணி நேரமேனும் அவ்விடத்தைக் கண்காணித்தல் முறையாகும். தூசியால் வீணே ஒலிக்காதபடி புகையறி கருவிகளை மூடிவைப்பதும் உண்டு. மாலையில் அம்மூடியை அகற்ற மறந்தால், இரவெல்லாம் கட்டடம் காவலற்றுக் கிடக்கும்.

அடுத்த பகை அதிர்ச்சி. அஃது எத்துணை நுட்பமாகச் செயற்படும் என்பதற்கு ஒரு சான்று கூறுவோம். இங்கிலாந்தின் மான்செஸ்டர் அருங்காட்சியகத்தில் நெப்-செனு என்பவனுக்குரிய பழைய எகிப்தியச் சிலை ஒன்று உண்டு. அது ஒரு சாண் உயரத்திற்குச் சற்று மிக்கது. ஏறத்தாழ 3,800 ஆண்டுப் பழமை உடையது. 2013ஆம் ஆண்டில் அது பூட்டிய கண்ணாடிப் பேழைக்குள் தானே மெல்லத் திரும்புவதைக் கண்டு பலரும் வியந்தனர். இது தெய்வச் செயலோ என ஐயுற்றாரும் உளர். ஆராய்ந்தபோது உண்மை புலப்பட்டது. சிலையின் அடிப்பாகம் சற்றே குவிந்திருந்தது. தெருவிற் செல்லும் வண்டிகளாலும் மக்கள் நடையாலும் எழுந்த சிற்றதிர்ச்சியே அதனைத் திருப்பியது. காலடியும் வண்டியும் இது செய்யுமாயின், சுவரைத் துளைக்கும் பொறி யாது செய்யாது? ஆகவே, பேழைகளில் அதிர்ச்சியை அளக்கும் கருவிகளைப் பொருத்தி, வரம்பு கடந்தவுடன் வேலையை நிறுத்துவர். நொய்ய பொருள்களை முன்னரே வேறிடம் கொண்டுசெல்வர். பெயர்க்கலாகாதவற்றை மெத்தையிட்டும் பலகையடைத்தும் காப்பர். தூசி புகாவண்ணம் இடையிலே தடுப்புச் சுவரும் எழுப்புவர்.

மக்கள் செல்லும் வழியும் வேலையாட்கள் செல்லும் வழியும் கலத்தலாகாது. இலண்டன் மாநகரிலுள்ள பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் நடுமுற்றத்தில், புகழ்பெற்ற வட்ட வடிவப் படிப்பகத்தைச் சூழ, 3,312 கண்ணாடித் துண்டுகள் கொண்ட கூரை அமைக்கப்பட்டது. அம்முற்றம் 2000ஆம் ஆண்டு டிசம்பரில் திறக்கப்பெற்றது. வேலை நடந்த காலத்தில் சுற்றியுள்ள கூடங்களுக்கு மக்கள் வந்துகொண்டிருந்தனர். நாற்புறமும் கட்டடம் சூழ்ந்த முற்றமாதலின், கட்டுமானப் பொருள்களைப் பாரந்தூக்கிகளால் கூரைக்கு மேலாகத் தூக்கி உள்ளே இறக்கினர். ஒரு நடைவழியை வேலைக்காக அடைக்குமிடத்து, ஆபத்தில் வெளியேறும் வழியும் மாறிவிடும் என்பதை மறத்தலாகாது. புதிய வழியைக் காட்டும் பலகைகளை, மறுநாட் கதவு திறக்குமுன்னரே நாட்டிவிடல் வேண்டும்.

விதிகள் எத்துணை இருப்பினும், அவற்றைக் காப்பது மனிதர் கருத்தே. சாரத்தின்மேல் நிற்கும் எளிய தொழிலாளியே இடரை முதலிற் காண்பவன். 'நிறுத்துங்கள்' என்று அவன் கூறினால் தலைவரும் நிறுத்துதல் வேண்டும். கூறியதற்காக அவனை எவரும் கடிதலாகாது. இளைஞர்களே! நீங்கள் அருங்காட்சியகத்திற்குச் செல்லும்போது, தடுப்புக் கயிற்றையும் எச்சரிக்கைப் பலகையையும் கண்டால் அவற்றைக் கடந்து செல்லாதீர்கள். எரிந்த கூரையை மீண்டும் வேயலாம். எரிந்த ஓவியத்தை வரைந்தவனை மீண்டும் அழைத்தல் இயலாது. முன்னோர் நம்மிடம் ஒப்படைத்த செல்வத்தை, நமக்குப் பின் வருவோர்க்குக் குறைவின்றிக் கொடுத்தல் நம் கடமையாகும்.