கட்டிய பின் மாற்ற முடியாதவை

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்" என்று பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். பெரும்பாலான குடும்பங்கள் ஆயுளில் ஒரே ஒரு முறைதான் வீடு கட்டுகின்றன. பல வருஷச் சேமிப்பும், பாங்குக் கடனும், சில சமயம் பெண்களின் நகையும் அதில் போய்ச் சேருகின்றன.

அப்படியிருந்தும் வீட்டார் அதிகமாக விவாதிப்பது எதைப் பற்றி? சுவருக்கு என்ன வர்ணம், தரைக்கு என்ன கல், கேட்டில் என்ன பூவேலை என்பதைப் பற்றித்தான்! இவை பிடிக்காவிட்டால் பின்னால் மாற்றிக் கொள்ளலாம். மாற்றவே முடியாதவற்றையோ மேஸ்திரி தலையில் கட்டிவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள்.

முதலில் பத்திரம்

மனையைக் காட்டும் தரகருக்கு எல்லா மனையும் நல்ல மனைதான். மூலப் பத்திரம், பட்டா, 30 வருஷத்துக்குக் குறையாத வில்லங்கச் சான்று ஆகியவற்றை வக்கீல் ஒருவர் பார்த்த பிறகே முன்பணம் கொடுக்க வேண்டும்.

2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்டுவோர், சுயசான்று அளித்து உடனடியாக அனுமதி பெறும் திட்டம் தமிழ்நாட்டில் 2024-ல் வந்தது. அலைச்சல் குறைந்தது உண்மை. ஆனால், காட்டிய வரைபடத்துக்கு மாறாகக் கட்டினால், அதற்குப் பொறுப்பு சொந்தக்காரருடையதே.

மண் என்ன சொல்கிறது?

பக்கத்து வீட்டு அஸ்திவாரத்தைப் பார்த்து அதே ஆழம் போதும் என்பவர்கள் உண்டு. கரிசல் பூமியில் இந்தக் கணக்குப் பலிக்காது. அந்த மண் மழையில் உப்பும். கோடையில் சுருங்கி வெடிக்கும். கூடவே சுவரும் வெடிக்கும். இத்தகைய மண்ணுக்காகவே, அடியில் குமிழ்போல் அகன்ற தூண்களை மண்ணுக்குள் இறக்கும் முறையை ரூர்க்கியிலுள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிலையம் வகுத்தது. மண்ணைச் சோதிக்க ஆகும் செலவு, மொத்தச் செலவில் சிறு துளி.

தரைமட்டமும் அப்படியே. சாலையை மேலுக்கு மேல் போடும்போது அது உயர்ந்துகொண்டே போகும், வீடு உயராது. மழைநீர் கூடத்துக்குள் வந்த பிறகு வருந்திப் பயனில்லை.

சமைப்பவரைக் கேட்டீர்களா?

காகிதத்தில் ஓர் அறையை நகர்த்த அழிரப்பர் போதும். ஆகவே, வானம் தோண்டுமுன் மனையில் சுண்ணாம்புக் கோடு போட்டு, கட்டில் எங்கே, பீரோ எங்கே, கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று குடும்பத்தோடு நடந்து பார்ப்பது நல்லது. தினமும் சமைப்பவரைக் கேளாமல் அடுப்பு மேடையின் உயரத்தைத் தீர்மானிக்கும் வீடுகள் எத்தனை! பெற்றோருக்குக் கீழ்த்தளத்தில் ஓர் அறையும், அதையொட்டிக் குளியலறையும் அவசியம். இன்று மாடி ஏறுபவருக்கும் நாளை முழங்கால் வலி வரும்.

தண்ணீரில் இருக்கிறது பலம்

சாதாரண வீட்டுத் தளத்துக்கு ஏற்ற எம் 20 கலவையில் 50 கிலோ மூட்டை ஒன்றுக்கு 30 லிட்டருக்கு மேல் தண்ணீர் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணய விதி. கொட்டுவதற்குச் சுலபம் என்று ஆட்கள் இன்னும் இரண்டு வாளி ஊற்றினால் கான்க்ரீட்டின் பலம் போய்விடும். கொட்டிய பிறகோ தண்ணீரில் சிக்கனம் ஆகாது. சாதாரண சிமெண்டானால் குறைந்தது 7 நாள், சாம்பல் கலந்த சிமெண்டானால் 10 நாள் ஈரம் காயாமல் வைத்திருக்க வேண்டும்.

சுவருக்குச் சுவர் நாலரை மீட்டர் வரையுள்ள தளத்துக்கு 7 நாளும், அதற்கு மேற்பட்டதற்கு 14 நாளும் முட்டுக்கால்கள் நிற்க வேண்டும். அடுத்த வேலைக்குப் பலகை வேண்டும் என்று மேஸ்திரி அவசரப்படுத்துவார். இணங்கலாகாது.

வாய்ப்பேச்சு வேண்டாம்

கூலி மட்டுமா, சாமான்களும் சேர்த்தா, எந்தக் கட்டத்தில் எவ்வளவு பணம் என்பதெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். நடுவில் ஒரு ஜன்னலை மாற்றச் சொன்னாலும் அதற்கு எவ்வளவு கூடும் என்று அன்றே கேட்டுக் குறித்துக்கொள்வது உத்தமம். மனஸ்தாபங்கள் பெரும்பாலும் இந்தச் சில்லறை மாற்றங்களில்தான் பிறக்கின்றன. மழைநீர்ச் சேகரிப்பு 2003 முதல் தமிழ்நாட்டில் கட்டாயம். அதைக் கடைசி நாள் சடங்காக்காமல் வரைபடத்திலேயே சேர்த்துவிட வேண்டும்.

பாதியில் பணம் குறைவது சகஜம். அப்போது கம்பியிலோ சிமெண்டிலோ கை வைக்கக் கூடாது. மாடியைத் தள்ளிப் போடலாம். வர்ணத்தையும் அலமாரிக் கதவுகளையும் அடுத்த வருஷத்துக்கு வைக்கலாம். வெள்ளையடித்த சுவருக்குள் குடியேறுவதில் ஒரு குறைவும் இல்லை. குழந்தைகள் பயமின்றித் தூங்கும் கூரைதான் வீட்டுக்கு அழகு.