கூடாரத்துக்குள் – 6: பிடிக்கிறவர்

சென்ற வாரம் ஒற்றை ஊஞ்சல் வித்தைகளையும், தொங்கும் துணியில் ஏறிச் சுற்றி இறங்குகிற வித்தையையும் பார்த்தோம். இரண்டும் தனியாள் கலைகள். பறக்கும் டிரபீஸுக்கு இரண்டு பேர் வேண்டும். ஆனால் அதுவும் பிறந்தபோது தனியாள் கலைதான்.

1859 நவம்பர் 12. பாரிஸின் நெப்போலியன் சர்க்கஸில் ஜூல் லியோத்தார் என்ற துலூஸ் நகர இளைஞர் முதன்முதலாகப் பறந்து காட்டினார். அவருடைய அப்பா உடற்பயிற்சிக்கூடம் நடத்தியவர். அங்கிருந்த நீச்சல் குளத்துக்கு மேலே கம்பிகளைத் தொங்கவிட்டு மகன் பழகியிருந்தார். ஒரு கம்பியை விட்டு அடுத்த கம்பியைப் பிடிப்பதுதான் வித்தை. கீழே வலை கிடையாது, மெத்தைகள் மட்டுமே.

பின்னால் வந்தவர்கள் எதிர்க் கம்பிக்குப் பதிலாக ஒரு மனிதரைத் தலைகீழாகத் தொங்கவிட்டார்கள். கலை மாறியது அங்கேதான். கம்பி தன் போக்கில் ஆடும். மனிதர் கொஞ்சம் எட்டிப் பிடிப்பார், கோணம் பிசகி வருகிற உடலையும் சமாளிப்பார். அந்தத் தைரியத்தில்தான் இரட்டைக் குட்டிக்கரணமும் மூன்று குட்டிக்கரணமும் சாத்தியமாயின.

பயிற்சிக் காணொளிகளை மெதுவாக ஓடவிட்டுப் பார்த்தால் வேலை எப்படிப் பிரிந்திருக்கிறது என்பது தெரியும். பிடிக்கிறவர் முதலில் ஆடத் தொடங்குவார். நேரம் சரியாக வந்ததும் 'ஹெப்' என்று குரல் எழும். அப்போதுதான் பறக்கிறவர் மேடையை விட்டுக் கிளம்புவார். ஊஞ்சல் ஒருமுறை போய்வர ஆகும் நேரத்தைத் தீர்மானிப்பது முக்கியமாகக் கயிற்றின் நீளம்தான். ஆள் ஒல்லியா பருமனா என்பதில் பெரிதாக ஒன்றுமில்லை. அதனால்தான் இருவரும் எப்போது நெருங்குவார்கள் என்று முன்பே கணிக்க முடிகிறது.

பறக்கிறவர் காலை வீசி உயரம் சேர்த்து, முன்பக்க உச்சிக்குச் சற்று முன்பாகக் கையை விடுகிறார். அப்போது கைகளில் இழுப்பு குறைந்திருக்கும், உடல் இன்னும் மேலே எழும்பிக்கொண்டிருக்கும். முழங்காலை மார்போடு அணைத்துச் சுருண்டால் சுழற்சி வேகமெடுக்கும், விரிந்தால் அடங்கும். விரிந்து கைகளை நீட்டியதோடு அவர் பங்கு முடிந்தது. பதறிப்போய்த் தானே எட்டிப் பிடிக்கக் கூடாது என்பது பயிற்சியில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் பாடம்.

விரல்களைக் கோத்துக்கொள்வதில்லை. ஒருவர் மணிக்கட்டை மற்றவர் பற்றுகிறார். ஒரு பிடி வழுக்கினாலும் இன்னொன்று நிற்கும். வியர்வைக்கு மக்னீசியம் கார்பனேட் தூள்.

சுமைக்கும் ஒரு கணக்கு உண்டு. ஊஞ்சல் கிடைமட்ட உயரத்திலிருந்து இறங்கினால், கீழ்ப்புள்ளியில் கைகள் தாங்குவது உடல் எடையைப்போல் 3 மடங்கு. 60 கிலோ ஆளுக்கு 180 கிலோ. பிடிக்கிறவர் அவ்வளவு உயரம் ஆடுவதில்லை. ஆனால் பிடித்த கணத்திலிருந்து இரண்டு உடல்களின் சுமையும் அவர் கால்களில்தான். இரு கால்களையும் கயிறுகளில் சுற்றிப் பூட்டிக்கொள்வது அதற்காகத்தான்.

தவறினால் வலை. வலையில் விழுவதற்கும் பயிற்சி உண்டு: முதுகு படும்படி விழ வேண்டும். தலைகுப்புற விழுந்தால் வலை இருந்தும் கழுத்து முறியலாம்.

சாதனைப் பட்டியலில் பெரிதாக நிற்பவை பறந்தவர்களின் பெயர்கள். 1897-இல் சிட்னியில் மூன்று குட்டிக்கரணம் அடித்தவர் லீனா ஜோர்டான் என்ற பெண். 1920-களில் அதே வித்தையால் உலகப் புகழ் பெற்றவர் அல்ஃபிரெடோ கொடோனா. அவரைப் பிடித்தவர் சகோதரர் லாலோ. 1982 ஜூலை 10 அன்று அமெரிக்காவின் டூசான் நகரில் மிகேல் வாஸ்கெஸ் ரசிகர்கள் முன்னிலையில் நான்கு குட்டிக்கரணத்தைச் சாதித்தார். பிடித்தவர் சகோதரர் ஹுவான். லாலோவையும் ஹுவானையும் சர்க்கஸ்காரர்களுக்கு வெளியே எத்தனை பேருக்குத் தெரியும்?

இந்தக் குறையை ஓரளவு தீர்த்தது சினிமாதான். 1956-இல் வந்த 'டிரபீஸ்' படத்தில் பர்ட் லங்காஸ்டர் ஏற்றது பிடிக்கிறவர் வேடம். அவரே இளமையில் சர்க்கஸில் வித்தை காட்டியவர். படப்பிடிப்பு நடந்ததும் லியோத்தார் பறந்த அதே கட்டடத்தில்தான்.

உங்கள் ஊருக்கு சர்க்கஸ் வந்தால், டிரபீஸில் ஒரு சுற்று முழுக்கப் பிடிக்கிறவரை மட்டும் பாருங்கள். கைதட்டலில் பாதி அவருக்குச் சேர வேண்டியது.

(அடுத்த வாரம்: 1901-இல் தலச்சேரியில் கீலேரி குஞ்ஞிக்கண்ணன் தொடங்கிய சர்க்கஸ் பள்ளி)