பழைய இன்ஜின் உழைப்பாளி, புதிய இன்ஜின் நோஞ்சானா?

அம்பாசடர் இன்ஜினுக்குச் சாவே கிடையாது என்று பழைய டாக்சி ஓட்டுநர்கள் இன்றும் சொல்வார்கள். அதை எத்தனை தடவை இறக்கிப் பிரித்தார்கள் என்ற கணக்கு மட்டும் அந்தப் பேச்சில் வராது. ஒரு லட்சம் கிலோமீட்டரை ஒட்டி சைலன்சர் நீலப் புகை தள்ளும். வண்டி ஆயில் குடிக்கத் தொடங்கும். பிளாக்கை லேத் பட்டறைக்கு அனுப்பி, போர் போட்டு, ஓவர்சைஸ் பிஸ்டனும் புது ரிங்கும் மாட்டுவார்கள். வண்டி மறுபடி ஓடும். பழைய இன்ஜினின் உழைப்பு என்று நாம் புகழ்வதில் பாதி, அதைச் சுலபமாகப் பழுதுபார்க்க முடிந்ததுதான்.

தேய்மானம் குறைந்தது எப்படி?

இன்ஜின் நெடுஞ்சாலையில் சீராக ஓடும்போது அவ்வளவாகத் தேய்வதில்லை. ஆறிக் கிடந்ததை ஸ்டார்ட் செய்யும் முதல் சில நிமிடங்களில்தான் அதிகம் தேய்கிறது. கார்புரேட்டர் வண்டியில் சோக்கை இழுத்தால் தேவைக்கு மேல் பெட்ரோல் பாயும். எரியாத பெட்ரோல், சிலிண்டர் சுவரில் படிந்த ஆயிலைக் கழுவிவிடும். ரிங்கும் சுவரும் நேரடியாக உரசும். போதாக்குறைக்கு, வண்டி சூடேறுகிறது என்று தெர்மோஸ்டாட்டையே கழற்றிப் போட்டுவிடும் மெக்கானிக்குகளும் இருந்தார்கள். அதனால் இன்ஜின் உரிய வெப்பத்துக்கு வர வெகு நேரம் பிடித்தது. தேய்மானம் இன்னும் கூடியது.

1998-ல் இருங்காட்டுக்கோட்டை ஆலையிலிருந்து வந்த சான்ட்ரோ காரில் கார்புரேட்டர் இல்லை, எம்.பி.எஃப்.ஐ. என்ற பெட்ரோல் தெளிப்பு முறை இருந்தது. வெப்பத்தையும் உள்ளே வரும் காற்றையும் சென்சார்கள் அளக்க, எவ்வளவு பெட்ரோல் தெளிப்பது என்பதை இ.சி.யூ. என்ற கணினி முடிவு செய்கிறது. சோக் மறைந்தது, ஆயிலைக் கழுவும் வேலையும் பெருமளவு நின்றது.

எரிபொருளும் மாறியது. 2000 பிப்ரவரியில் நாடு முழுவதும் ஈயமில்லாப் பெட்ரோல் வந்தது. எரியும்போது அமிலமாகி உலோகத்தை அரிக்கும் கந்தகம், 2020 ஏப்ரலில் பி.எஸ்.-6 மாசு விதி வந்தபோது 10 பி.பி.எம். அளவுக்கு இறங்கியது. சிலிண்டர் சுவரில் ஆயில் தங்குவதற்கான குறுக்குக் கீறல்களை இன்றைய இயந்திரங்கள் மிகத் துல்லியமாக இடுகின்றன. ஆயிலின் தரமும் உயர்ந்துவிட்டது. ஒழுங்காகப் பராமரித்த கார், ஹெட்டைக் கழற்றாமலே 2 லட்சம் கிலோமீட்டர் தாண்டுவது இன்று சாதாரணம்.

அப்படியானால் புதிய இன்ஜின் மீது புகார் ஏன்?

அம்பாசடரின் 1,489 சி.சி. இன்ஜின் தந்தது ஏறக்குறைய 50 குதிரைத்திறன். இன்றைய 998 சி.சி. டர்போ இன்ஜின் சுமார் 100 தருகிறது. லிட்டர் கணக்கில் பார்த்தால் மூன்று மடங்கு சுமை. டாப் கியரில் மெதுவாகப் போகும்போது ஆக்ஸிலரேட்டரை ஒரேயடியாக மிதித்தால், நேரடி இன்ஜெக்ஷன் கொண்ட டர்போ இன்ஜினில் ஸ்பார்க் வருவதற்கு முன்பே கலவை தீப்பிடிக்கும் வாய்ப்பு உண்டு. பிஸ்டனையே உடைக்கக்கூடிய இந்தக் கோளாறைத் தடுப்பதற்காகவே 2018-ல் ‘எஸ்.என். பிளஸ்’ என்ற ஆயில் தரம் வந்தது. சில இன்ஜின்களில் டைமிங் பெல்ட் ஆயிலுக்குள்ளேயே ஓடுகிறது. ஆயில் கெட்டால் பெல்ட் உதிர்ந்து, அந்தத் துகள் ஆயில் வடிகட்டியை அடைக்கிறது.

உற்பத்தியில் நேரும் சிறு பிசகும் இப்போது பெரிதாக வெடிக்கிறது. கிராங்க்‌ஷாஃப்ட், கனெக்டிங் ராடு குறைகளுக்காக ஜெனரல் மோட்டார்ஸ் 2025-ல் அமெரிக்காவில் 6.2 லிட்டர் வி-8 இன்ஜின் கொண்ட சுமார் 6 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. சோதனையில் தேறிய வண்டிகளுக்கு 0டபிள்யூ-20 ஆயிலுக்குப் பதில், கெட்டியான 0டபிள்யூ-40 ஊற்றச் சொன்னது. மைலேஜுக்காக ஆயிலை மெலிதாக்கும்போது பிழைக்கு இடம் எவ்வளவு சுருங்குகிறது என்பதற்கு இது கண்கூடான சாட்சி.

என்ன செய்யலாம்?

பழைய இன்ஜின் அலட்சியத்தைப் பொறுத்துக்கொண்டது, தேய்ந்தாலும் ஓடியது. புதியது அவ்வளவாகத் தேய்வதில்லை, ஆனால் பொறுப்பதும் இல்லை. ‘கெட்டி ஆயில்தான் இன்ஜினுக்கு நல்லது’ என்று நீங்களாகவே 20டபிள்யூ-40 ஊற்றாதீர்கள். கையேட்டில் உள்ள கிரேடு போதும். வண்டி குறைவாக ஓடினாலும், கையேடு சொல்லும் கெடு வந்தால் ஆயிலை மாற்றுங்கள். பழைய கார் வாங்கப் போனால், ஓடிய கிலோமீட்டரைப் பார்க்கும் முன் ஆயில் மாற்றிய பில்களைக் கேளுங்கள். முறையாகச் சர்வீஸ் செய்த ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் கார், கவனிப்பாரற்ற ஐம்பதாயிரம் கிலோமீட்டர் காரைவிட மேல்.