ரப்பர் கலந்த கான்கிரீட் தூணுக்கு ஆகுமா?

திருவனந்தபுரத்தில் வீடு கட்டப் புறப்படுகிறவர்களுக்கு முதல் தலைவலி மணல்தான். ஆற்று மணல் அள்ளுவதைக் கட்டுப்படுத்தக் கேரள அரசு 2001-ல் சட்டம் கொண்டு வந்தது. அதன் பிறகு பாறையை உடைத்துச் செய்யும் 'எம்.சாண்ட்' தான் பெரும்பாலும் நமக்குக் கதி. ஜல்லிக்கும் மலையைத்தான் குடைய வேண்டும். இன்னொரு பக்கம் பார்த்தால், டயர்க் கடைகளின் பின்புறம் தேய்ந்த டயர்கள் குவிந்து கிடக்கின்றன. மழை பெய்தால் அவற்றில் நீர் தேங்கிக் கொசு பெருகுகிறது. 'இந்த டயரைப் பொடி செய்து மணலுக்குப் பதில் கலந்தால் என்ன?' என்ற எண்ணம் யாருக்கும் வரும். எங்கள் வீட்டிலும் வந்தது.

கரமனையில் உள்ள எங்கள் வீடு பழைய ஓட்டு வீடு. ஓட்டைப் பிரித்துவிட்டுத் தூண்கள் நிறுத்தி, தளம் வார்த்து, மேலே இரண்டு அறைகள் எடுப்பதாகத் திட்டம். கீழே எண்பது வயதைக் கடந்த என் தாயார் படுக்கும் அறை இருக்கிறது. வேலையை ஏற்றுக்கொள்ள வந்த ஒப்பந்தக்காரர், "ரப்பர் பொடி கலந்தால் எடையும் குறையும், மணல் செலவும் மிச்சம், லேசில் உடையாது" என்றார். கேட்கும்போது நன்றாகத்தான் இருந்தது. சிவில் இன்ஜினியரிங் படிக்கும் என் தங்கை மகன் மட்டும், "மாமா, அவசரப்படாதீங்க. எங்க லேபுக்கு ஒரு நாள் வாங்க. கண்ணால பாத்துட்டு முடிவு பண்ணுங்க" என்றான்.

46 டன் தாங்கும் கட்டி

கான்கிரீட்டின் வலிமையைச் சோதிக்க நீளம், அகலம், உயரம் மூன்றும் 15 சென்டிமீட்டர் உள்ள கட்டிகளாக வார்க்கிறார்கள். 28 நாள் தண்ணீரில் ஊறவைத்து, பிறகு அழுத்தும் இயந்திரத்தில் வைத்து நசுக்குகிறார்கள். கம்பி கட்டி வார்க்கும் கான்கிரீட் குறைந்தது 'எம் 20' தரத்தில் இருக்க வேண்டும் என்று ஐ.எஸ். 456 என்னும் இந்தியத் தரவிதி (2000-ஆம் ஆண்டுப் பதிப்பு) கூறுகிறது. அதாவது ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரும் 20 நியூட்டன் அழுத்தத்தைத் தாங்க வேண்டும். கணக்குப் போட்டால், அந்தச் சிறிய கட்டி ஏறத்தாழ 46 டன் சுமக்க வேண்டும். பாரம் ஏற்றிய சாதாரண லாரிகள் இரண்டின் எடையை விட இது அதிகம்.

முதலில் சாதாரணக் கட்டியை வைத்தார்கள். முள் ஏறிக்கொண்டே போயிற்று. திடீரென்று 'படார்' என்ற சத்தம். நான்கு பக்கமும் சிதறி விழ, நடுவில் உடுக்கை போன்ற துண்டு மட்டும் மிஞ்சியது. அடுத்து, ஜல்லியில் ஒரு பங்கை நீக்கிவிட்டு டயர்த் துண்டுகள் சேர்த்து வார்த்த கட்டி. முள் வெகு சீக்கிரமே நின்றுவிட்டது. ஆனால் சத்தம் இல்லை, சிதறலும் இல்லை. மேலிருந்து கீழாக விரிசல்கள் ஓடினவே தவிர, கட்டி ஒரே உருப்படியாக நின்றது. "தோத்துப் போச்சு மாமா, ஆனா விழல" என்றான் மருமகன். இந்த விஷயம் முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கியிருக்கிறது என்பது பிறகுதான் எனக்குப் புரிந்தது.

ஏன் வலிமை குறைகிறது?

இது ஒரு கல்லூரிக் கூடத்தில் மட்டும் கண்ட சங்கதி அல்ல. அமெரிக்காவில் எல்டின், செனூசி என்ற இரு ஆய்வாளர்கள் 1993-ல் வெளியிட்ட முடிவு இத்துறையில் இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது. ஜல்லி முழுவதையும் நீக்கி டயர்த் துண்டுகளைப் போட்டபோது அழுத்தத்தைத் தாங்கும் வலிமை சுமார் 85 சதவீதம் குறைந்தது. மணலுக்குப் பதில் ரப்பர் தூள் போட்டபோது சுமார் 65 சதவீதம் குறைந்தது. நம் 46 டன் கட்டிக்கு முதல் கணக்கைப் பொருத்திப் பார்த்தால் மிஞ்சுவது 7 டன் அளவுதான்.

காரணம் எளியது. கல் சுமையைத் தானும் பங்கு போட்டுக்கொள்ளும். ரப்பரோ அழுத்தியதும் நெகிழ்ந்து கொடுத்துவிடும். ஆகவே, ரப்பர்த் துண்டு இருக்கும் இடம் கான்கிரீட்டுக்குள் ஓர் ஓட்டை இருப்பதற்குச் சமம். அத்துடன் ரப்பர் தாமரை இலையைப் போல நீரை ஒட்டவிடாது. கலக்கும்போது காற்றுக் குமிழிகளையும் உடன் இழுத்துக்கொண்டு வரும். அதனால் சிமென்ட் அதைச் சரியாகப் பற்றுவதில்லை.

இதற்குப் பரிகாரம் தேடாமல் இல்லை. ரப்பர் தூளைக் காஸ்டிக் சோடா கரைசலில் கழுவினால் பிடிப்பு கூடுகிறது என்று பிரேசில் நாட்டு ஆய்வாளர்கள் 2000-ல் எழுதினார்கள். ஜல்லி, மணல் இரண்டும் சேர்ந்த மொத்த அளவில் ரப்பர் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று காதிப், பயோமி என்ற இருவர் 1999-ல் யோசனை கூறினார்கள். ஆஸ்திரேலியாவின் ஆர்.எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தார் 2022-ல், ஈரக் கலவையை அச்சுக்குள் அழுத்தி வைத்து இறுகச் செய்து, வலிமையை 97 சதவீதம் வரை உயர்த்தியதாக அறிவித்தார்கள். ஏறக்குறைய இரட்டிப்பு! ஆனால் எதைக் காட்டிலும் இரட்டிப்பு என்று கவனிக்க வேண்டும். அழுத்தாமல் வார்த்த ரப்பர் கான்கிரீட்டைக் காட்டிலும்தான். கல் ஜல்லி போட்ட கான்கிரீட்டைக் காட்டிலும் அல்ல. செய்தியில் வரும் சதவீதத்தைப் பார்த்து மயங்கினால் இந்த இடத்தில்தான் ஏமாறுவோம்.

ரப்பருக்கு உரிய இடம்

நம்மில் பலர் குலசேகரம், மார்த்தாண்டம் பக்கத்துக்காரர்கள். ரப்பர் ஷீட் காயும் மணத்தோடு வளர்ந்தவர்கள். ரப்பரின் அருமை நமக்குத் தெரியும். ரப்பரில் கந்தகம் சேர்த்துச் சூடேற்றி உறுதியாக்கும் முறையை 1839-ல் குட்இயர் கண்டுபிடித்ததால்தான் டயர் என்ற பொருளே வந்தது. அந்த உறுதியே இப்போது இடைஞ்சலாகவும் இருக்கிறது. பழைய இரும்பைப் போல டயரை உருக்கி வார்க்க முடியாது. பொடியாக்கி வேறொன்றில் சேர்ப்பதே பெரும்பாலும் வழி. தார்ச் சாலைக்கு இது நன்றாகப் பொருந்துகிறது. ரப்பர் தூள் கலந்த தாருக்கு இந்தியத் தரவிதியே உண்டு. ஆனால் கான்கிரீட்டுக்கான ஜல்லி, மணல் பற்றிய ஐ.எஸ். 383 விதியின் 2016-ஆம் ஆண்டுப் பதிப்பு, பழைய கான்கிரீட்டை உடைத்த ஜல்லி, உலைக்கசடு போன்றவற்றை வரையறையோடு அனுமதித்தபோதும், டயர் ரப்பரை அந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை.

அப்படியானால் ரப்பர் கான்கிரீட் வீணா? இல்லை. மோதலையும் அதிர்வையும் அது நன்றாக வாங்கிக்கொள்கிறது. எடை குறைவு. உடையும் முன் விரிசல் காட்டி எச்சரிக்கிறது. நடைபாதைக் கல், முற்றத்துத் தரை, சாலையோரத் தடுப்பு போன்ற இடங்களுக்கு இவை நல்ல குணங்கள். தூணுக்கு வேண்டிய குணமோ வேறு. அது ஐம்பது வருடம் அசையாமல் சுமக்க வேண்டும்.

எங்கள் வீட்டில் தூணுக்கும் தளத்துக்கும் கல் ஜல்லியும் எம்.சாண்டும்தான் போட்டோம். செலவு கூடத்தான் செய்தது. அம்மா அந்தத் தளத்தின் கீழ் நிம்மதியாகத் தூங்குகிறார். ரப்பர் தூள் கலந்த கற்களை முற்றத்தில் பதித்தோம். கைத்தடி ஊன்றி அம்மா காலையில் நடப்பது அதன் மேல்தான்.

இங்கிருந்தபடியே ஊரில் வீடு கட்டும் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. புதுக் கலவை என்று யாராவது சொன்னால் மூன்று கேள்விகள் கேளுங்கள். எதற்குப் பதிலாக, எவ்வளவு சேர்க்கிறீர்கள்? வீட்டின் எந்தப் பகுதிக்கு? வார்க்கும் அன்றே மூன்று கட்டிகள் எடுத்து, 28-ஆம் நாள் சோதித்த தாளைக் காட்டுவீர்களா? மூன்றாவது கேள்விக்கு மழுப்பினால், ரப்பர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்தக் கலவை உங்கள் வீட்டுத் தூணுக்கு வேண்டாம்.