எண்ணூருக்கு எந்த நிறம்?

சென்னைப் பெருநகரின் இரண்டாவது முழுமைத் திட்டத்துக்கு 2026-ஓடு ஆயுள் முடிகிறது. எங்கே வீடு கட்டலாம், எங்கே ஆலை வைக்கலாம், எதைத் தொடவே கூடாது என்று 2046 வரைக்கும் சொல்லப்போவது மூன்றாவது திட்டம். பேச்சு வழக்கில் மாஸ்டர் பிளான். தயாரிப்பது சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் (சி.எம்.டி.ஏ.). ராயபுரம் தொடங்கி எண்ணூர் முகத்துவாரம் வரை இருப்பவர்களுக்கு, மற்ற சென்னைக்காரர்களைவிட இதில் அக்கறை கூடுதலாகவே இருக்க வேண்டும்.

திட்டம் ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் ஒரு பயன்பாட்டை, வரைபடத்தில் ஒரு நிறத்தால், குறிக்கிறது: குடியிருப்பு, வணிகம், தொழில், நிறுவனம், திறந்தவெளி, விவசாயம். தொழிலிலேயே 'சிறப்பு மற்றும் அபாயகரமான' வகை தனி. மணலி, எண்ணூர்ப் பக்கம் அந்த வகை நிறையவே உண்டு. கட்டட அனுமதிக்கு மனு போட்டால் அதிகாரிகள் முதலில் புரட்டுவது இந்த வகைப்பாட்டைத்தான்.

வட சென்னையில் புகைபோக்கிகள் முதலில் வந்தன, திட்டம் பிறகு வந்தது. 1940-களின் இறுதியில் எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ், 1950-களில் திருவொற்றியூரில் என்ஃபீல்டு, 1969-ல் மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, அடுத்த ஆண்டே எண்ணூர் அனல் மின் நிலையம். முதல் முழுமைத் திட்டத்துக்கு அரசு ஒப்புதல் கிடைத்ததோ 1975-ல். ஏற்கெனவே நின்றதற்கு வண்ணம் பூசுவதைத் தவிர அதனால் என்ன செய்திருக்க முடியும்?

அதன் விலை 2023 டிசம்பரில் தெரிந்தது. மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து வந்த எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியே இறங்கிக் கொசஸ்தலை ஆற்று முகத்துவாரத்தில் படர்ந்தது. மீனவர்கள் மக்கையும் பக்கெட்டையும் எடுத்துவந்து அள்ளினார்கள்; படகிலும் வலையிலும் கரிய பிசுக்கு. மாதக் கடைசியில் பெரியகுப்பம் அருகே, கடலடிக் குழாய் ஒன்றிலிருந்து அமோனியா கசிந்து, நள்ளிரவில் மக்கள் தெருவுக்கு ஓடிவந்தார்கள். ஆகவே புதிய வரைவில் இங்கே முதலில் தேட வேண்டியவை இரண்டு: ஆலைக்கும் குப்பத்துக்கும் நடுவே எவ்வளவு இடம் விடப்படுகிறது, வெள்ளம் வடியும் வழி எது.

அடுத்தது கழிமுகம். இருளர் பெண்கள் பனையோலைக் கூடையைப் பல்லில் கவ்விக்கொண்டு, தண்ணீரில் கையால் தடவி இறால் பிடிக்கும் இடம் இது. அதற்குப் பட்டா ஏது? 1996-ல் ஒப்புதல் பெற்ற கடலோர மண்டல வரைபடத்தில் இருந்த கழிமுகப் பரப்பு, பிந்தைய வரைபடம் ஒன்றில் காணாமல் போயிருப்பதாகச் சூழல் ஆர்வலர்கள் 2017-ல் சர்ச்சை கிளப்பினார்கள். நீர்ப்பரப்பைக் காலி மனையாகப் பார்க்கும் கண் கொண்டு வரைந்தால் மூன்றாவது திட்டத்திலும் இதே கதைதான்.

'வட சென்னைக்குத்தான் தனியாகத் திட்டம் போட்டாயிற்றே' என்று கேட்கலாம். 2023-24 பட்ஜெட்டில் 1,000 கோடி ரூபாயோடு அறிவிக்கப்பட்ட வட சென்னை வளர்ச்சித் திட்டம், 2024 மார்ச்சில் தொடங்கப்பட்டபோது 4,181 கோடியாக வளர்ந்திருந்தது. நல்லது. ஆனால் அது பணிகளுக்கான பணம். நிலம் எதற்கு என்று தீர்மானிப்பதில்லை. துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் எண்ணூர் விரைவுச் சாலையில் வரிசை கட்டி நிற்பதற்குப் புதுச் சாலை மட்டும் மருந்தாகாது. லாரிகள் ஒதுங்க மனை வேண்டும்; அதை ஒதுக்க வேண்டியது முழுமைத் திட்டம்.

மக்கள் தலையிடும் வழி 1971-ம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தில் உண்டு. அரசின் இசைவுக்குப் பிறகு வரைவு வெளியாகும். ஆட்சேபணையும் ஆலோசனையும் எழுத்தில் தர இரண்டு மாதங்களாவது அவகாசம் தர வேண்டும். பொத்தாம்பொதுவாக 'மாசு தாங்கவில்லை' என்று எழுதுவதைவிட, கிராமப் பெயர், சர்வே எண், இப்போதைய பயன்பாடு, கேட்கும் மாற்றம் என்று குறிப்பிட்டு எழுதினால் பதில் சொல்லாமல் தள்ளுவது கடினம்.

காலக்கெடுவை நம்பிவிடவும் வேண்டாம். இரண்டாவது திட்டத்தின் வரைவு 1995-ல் தயாராகி, ஒப்புதல் பெற்றது 2008 செப்டம்பரில்தான். ஒப்புதலுக்குப் பிறகும் திட்டம் உறைந்துவிடுவதில்லை. நிலப் பயன்பாட்டு மாற்றம் கேட்டு யாரும் மனு செய்யலாம்; அதற்கான அறிவிப்பு நாளிதழ்களில் சின்ன எழுத்தில், ஒவ்வொரு சர்வே எண்ணாக வந்துகொண்டே இருக்கும்.