கண்ணாடி விளக்கு வியாபாரம்: முதற் பார்வைக்குத்தான் விலை

பரிசுப் பொருட் கடைகளிலும் மின்சாமான் கடைகளிலும் இந்த விளக்கை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இரண்டு விரல் தடிப்புள்ள ஒரு சட்டம். சுவரில் மாட்டி ஆளியைப் போட்டால், சுவரைத் துளைத்துக்கொண்டு வெளிச்ச வளையங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஆழத்துக்குப் போவதுபோலத் தெரியும். மேசையில் வைத்தால் மேசைக்குள் கிணறு தோண்டியதுபோல இருக்கும். பெட்டியில் ‘இன்பினிட்டி மிரர்’ என்று அச்சிட்டிருப்பார்கள். முடிவில்லாத கண்ணாடி என்பது அதன் பொருள்.

இந்தச் சாமானை எடுக்கலாமா, ஓடுமா என்று பல வியாபாரிகள் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். ஒரு பொருளை எடுப்பதற்கு முன்னர் அது எப்படி வேலை செய்கிறது என்று அறிந்துகொள்வது எனது வழக்கம். எனவே ஒன்றை வாங்கிப் பின்பக்கத்து ஆணிகளைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே கண்டதையும் அதிலிருந்து வியாபாரத்துக்கு எடுத்துக்கொள்ள வேண்டியதையும் இங்கு எழுதுகிறேன்.

உள்ளே இருப்பது என்ன?

மூன்றே பொருட்கள்தான். பின்னால் ஒரு சாதாரண முகம்பார்க்கும் கண்ணாடி. முன்னால், ஒளியில் ஒரு பகுதியை வெளியே விட்டு மிகுதியைத் திருப்பி அனுப்பும் பாதிக் கண்ணாடி. இரண்டுக்கும் நடுவே, சட்டத்தின் ஓரத்தைச் சுற்றி ஒட்டிய எல்.ஈ.டி. பட்டி.

பட்டியின் ஒளி முன் கண்ணாடியில் படும்போது கொஞ்சம் நம் கண்ணுக்கு வருகிறது. மிச்சம் திரும்பிப் போய், பின் கண்ணாடியில் பட்டு, மீண்டும் முன்னே வருகிறது. அப்போதும் கொஞ்சம் வெளியே வரும், மிச்சம் திரும்பும். ஒவ்வொரு சுற்றும் நமக்கு இன்னுமொரு வளையமாகத் தெரிகிறது. இரண்டு கண்ணாடிகளுக்கும் இடையே 2 சென்ரிமீற்றர் இடைவெளி இருந்தால், வளையத்துக்கு வளையம் 4 சென்ரிமீற்றர் தூரம் தெரியும். பத்து வளையம் தெரிந்தால் 40 சென்ரிமீற்றர் ஆழம். சட்டத்தின் தடிப்பு கூடக்கூட ஆழமும் கூடும்.

முடிவில்லாதது என்பது பெட்டியில் மட்டும்தான். பின் கண்ணாடி நூற்றுக்கு 90 பங்கும், முன் கண்ணாடி 70 பங்கும் ஒளியைத் திருப்பி அனுப்புகின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒரு சுற்று முடியும்போது 63 பங்குதான் மிஞ்சும். ஐந்து சுற்றில் 10 பங்கு. பத்துச் சுற்றில் நூற்றில் ஒரு பங்கு. அதற்கு அப்பால் கண்ணுக்கு அதிகம் தெரியாது. விளம்பரப் படத்தில் நூறு வளையம் தெரிந்தால், அது விளக்கின் வேலையா படம் எடுத்தவரின் வேலையா என்று கேளுங்கள்.

பழைய வித்தை, மலிந்த பொருள்

கண்ணாடியையும் விளக்கையும் சேர்த்துக் கண்ணை மயக்குவது புதிய விடயமல்ல. லாகூர் கோட்டையில் உள்ள ஷீஷ் மஹால் ஷாஜஹான் காலத்தில் 1631-32 இல் கட்டப்பட்டது. அங்கு சிறுசிறு கண்ணாடித் துண்டுகள் பதித்த சுவர்களும் கூரையும் கொஞ்ச வெளிச்சத்தையே பலவாக்கிக் காட்டும். பிரான்ஸின் வெர்சாய் அரண்மனையில் 357 கண்ணாடிகள் பதித்த மண்டபம் 1684 இல் முடிந்தது. அந்தக் காலத்தில் பெரிய கண்ணாடி அரசர்களின் பொருள். ஜேர்மன் இரசாயன அறிஞர் லீபிக் 1835 இல் கண்ணாடியில் வெள்ளி படியவைக்கும் முறையைக் கண்டறிந்த பிறகு, அது படிப்படியாகச் சாதாரண வீடுகளுக்கும் வந்தது.

வெளிச்சத்திலும் அதேதான் நடந்தது. பழைய இழை மின்குமிழை ஒடுக்கமான சட்டத்துக்குள் வைத்தால் சூட்டினால் சட்டம் தாங்காது. 1993 இல் ஜப்பானின் நக்காமுரா பிரகாசமான நீல நிற எல்.ஈ.டி.யைச் செய்துகாட்டினார். அதிலிருந்து வெள்ளை எல்.ஈ.டி. வந்தது. அதற்காக 2014 இல் அவரும் வேறு இரு ஜப்பானியரும் நோபல் பரிசு பெற்றனர். இன்று சீனாவில் விளக்குத் தொழிலுக்குப் பேர்போன குஸென் நகரிலும், சில்லறைச் சாமான்களுக்குப் பேர்போன யிவு சந்தையிலும் இவ்வகை அலங்கார விளக்குகளைத் தாராளமாக வாங்கலாம்.

வியாபாரி இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். கண்ணாடியும் மலிந்துவிட்டது, ஒளியும் மலிந்துவிட்டது. நீங்கள் இறக்குமதி செய்யும் அதே விளக்கை அடுத்த கடைக்காரரும் அடுத்த மாதம் இறக்குவார். அவரைத் தடுக்க உங்களிடம் எதுவும் இல்லை.

பழையதாவது விளக்கல்ல, கண்

இந்த விளக்கை முதன்முறை பார்ப்பவர் நின்று பார்ப்பார். விரலை வைத்துப் பார்ப்பார். பக்கவாட்டில் எட்டிப் பார்ப்பார். இரண்டாம் நாள் அவ்வளவு இல்லை. பத்தாம் நாள் வீட்டில் ஆளியைப் போடவே மறந்துவிடுவார்கள். விளக்கு கெட்டுப்போகவில்லை. பார்க்கும் கண்தான் பழகிவிட்டது.

ஜப்பானியக் கலைஞர் யாயோய் குசாமா 1965 இல் கண்ணாடி அறையொன்றை அமைத்தார். அதன் பின்னர் அதே வழியில் பல அறைகளைச் செய்துள்ளார். லண்டன் டேட் மொடர்ன் அருங்காட்சியகத்தில் 2021 இல் திறந்த அவரது கண்ணாடி அறைக் கண்காட்சி, முதலில் குறித்த காலத்தையும் தாண்டி நீடிக்கப்பட்டது. லொஸ் ஏஞ்சல்ஸின் தி புரோட் அருங்காட்சியகத்தில் அவரது அறைக்குள் ஒருவருக்கு ஒரு நிமிடத்துக்கும் குறைவான நேரமே கொடுத்தார்கள். இருந்தும் மக்கள் வரிசையில் நின்றார்கள். அங்கும் அடிப்படை வித்தை எதிரெதிர்க் கண்ணாடிதான். ஆனால் வருவது ஒவ்வொரு நாளும் புதிய கண்கள். ஆச்சரியம் தீருமுன் வெளியே வந்துவிடுகிறார்கள்.

இதற்கு மாறான உதாரணமும் உண்டு. எட்வர்ட் கிரேவன் வோக்கர் என்பவர் 1963 இல் இங்கிலாந்தில் சந்தைப்படுத்திய ‘லாவா லாம்ப்’ வீட்டு மேசையிலேயே நிலைத்தது. சூட்டில் மெழுகு ஏறி இறங்கும் அந்த விளக்கு ஒரு தடவை காட்டிய உருவத்தை மறு தடவை காட்டாது. அதனால் கண் சலிப்பது குறைவு. அதற்கும்கூட 1970களில் விற்பனை விழுந்து, 1990களில்தான் மறுபடி எழுந்தது. அசையாமல் ஒரே காட்சியைக் காட்டும் கண்ணாடி விளக்குக்கு வீட்டில் ஆயுள் இன்னும் குறைவு என்பதை ஊகிக்கலாம்.

ஒரு கணக்கு

உதாரணத்துக்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கப்பற் கூலி, வரி எல்லாம் சேர்த்துக் கடைக்கு வரும்போது ஒரு விளக்கு 3,000 ரூபா. நூறு விளக்கு எடுத்தால் 3 இலட்சம். விற்பனை விலை 5,000. கடதாசியில் இலாபம் 2 இலட்சம்.

கண்ணாடிச் சாமான் என்பதால் எட்டு உடைந்து வருகிறது. எடெப்டர் எரிந்து ஏழு திரும்பி வந்து பணத்தைக் கொடுக்க வேண்டியதாகிறது. மிச்சம் 85. முதல் 40 விளக்கு 5,000 ரூபாவுக்குப் போகிறது: 2 இலட்சம். அதற்குள் பக்கத்துக் கடைக்கும் அதே விளக்கு வந்துவிடுகிறது. அடுத்த 25 ஐ 4,000 ரூபாவுக்குக் கொடுக்கிறோம்: ஒரு இலட்சம். கடைசி 20 ஐ 2,500 ரூபாவுக்குத் தள்ளுகிறோம்: 50,000. மொத்தம் மூன்றரை இலட்சம். 2 இலட்சம் என்று எண்ணிய இலாபம் 50,000 ஆகிவிட்டது. கடை வாடகையும் பையன்களின் சம்பளமும் இதில் இன்னும் கழிக்கப்படவில்லை.

இதற்கு மேல் நாட்டின் நிலைமையும் உண்டு. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர், அந்த ஆண்டு மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டது. 2020 இல் தொடங்கிய இறக்குமதிக் கட்டுப்பாடுகளால் அத்தியாவசியமில்லாத பொருட்கள்தான் அதிகம் அடிபட்டன. வற் வரி 2024 ஜனவரியில் 18 வீதமானது. அலங்கார விளக்கு இல்லாமல் எந்த வீடும் இருண்டுவிடாது. நெருக்கடி வந்தால் வாடிக்கையாளர் முதலில் விடுவது இப்படியான சாமான்களைத்தான்.

எடுப்பதாக இருந்தால்

இவ்வளவு சொல்வதால் எடுக்கவே வேண்டாம் என்பதல்ல. அளவோடு, பார்த்து எடுக்க வேண்டும். நான் பார்ப்பவை இவை:

முதலாவது, எடெப்டர். சட்டத்துக்கு வெளியே தனியாக, 12 வோல்ட்டில், பொதுவாகக் கிடைக்கும் பின்னோடு இருக்க வேண்டும். எரிந்தால் நீங்களே வேறொன்றைக் கொடுத்து வாடிக்கையாளரை அனுப்பிவிடலாம். மேலே சொன்ன கணக்கில் திரும்பி வந்த ஏழும் இப்படிப் பிழைக்கும். 230 வோல்ட் நேராகச் சட்டத்துக்குள் போகும் விளக்கை எடுக்காதீர்கள்.

இரண்டாவது, கண்ணாடி நேராக இருக்கிறதா? இரண்டும் சரிசமமாக எதிரெதிரே இல்லாவிட்டால் வளையங்கள் ஒரு பக்கம் வளைந்து போகும். அக்ரிலிக் கண்ணாடி எளிதில் உடையாது, பாரமும் குறைவு. ஆனால் கீறும், வளையும், உருவம் நெளியும். 3 மில்லிமீற்றர் கண்ணாடியென்றால், 30 சென்ரிமீற்றர் சதுர விளக்கில் இரண்டு கண்ணாடி மட்டும் சுமார் 1.35 கிலோ வரும். கப்பற் கூலியில் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, சுங்கம். விளக்குகளுக்குரிய குறியீடு 9405 என்றும், கண்ணாடிக்குரியது 7009 என்றும் தொடங்கும். உங்கள் சாமான் எதற்குள் வரும் என்பதைக் காசு அனுப்புமுன் கிளியரிங் செய்பவரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

நான்காவது, கடையில் வைக்கும் இடம். உள்ளே வெளிச்சம் கூடவும் வெளியே குறைவாகவும் இருந்தால்தான் ஆழம் தெரியும். வெயில் படும் ஷோகேஸில் வைத்தால் அது வெறும் முகம்பார்க்கும் கண்ணாடிதான். இருண்ட மூலையில் வையுங்கள். வாங்குபவரிடமும் இதைச் சொல்லிக் கொடுங்கள். சாதாரண கண்ணாடி பச்சை ஒளியைச் சற்றுக் கூடுதலாகத் திருப்பும் என்பதால், வெள்ளை விளக்கில் உள்ளே போகப்போகப் பச்சைச் சாயல் வரும். அது பழுதல்ல. விற்கும்போதே சொன்னால் விளக்கம். திரும்பி வந்த பின்னர் சொன்னால் சாட்டு.

நிலைத்த வியாபாரம் எங்கே?

புதிய கண்கள் தினமும் வரும் இடம் எது? சலூன், ஜூஸ் கடை, ரெஸ்டோரண்ட், கைத்தொலைபேசிக் கடை, திருமண மண்டபம். பரிசாக வாங்குபவர் ஒரு முறைதான் வாங்குவார். கடைக்காரருக்கோ இது ஆளை நிறுத்தும் பொருள். அதனால் அவர் விலை பேசும் விதமும் வேறு.

அவருக்குப் பெட்டியில் வரும் அளவு பொருந்தாது. தனது சுவரின் அளவில், தனது கடைப் பெயரோடு கேட்பார். இங்குதான் நமது இளைஞர்களுக்கு வேலை இருக்கிறது. கண்ணாடி வெட்டும் கடையும், மரச்சட்டம் அடிக்கும் கடையும், கண்ணாடிக்கு வெள்ளிநிறப் பிலிம் ஒட்டுபவரும் நமது ஊர்களிலேயே இருக்கிறார்கள். மீற்றருக்கு 60 மின்குமிழ் உள்ள 12 வோல்ட் பட்டியை மூன்று மூன்று குமிழாக, அதாவது 5 சென்ரிமீற்றருக்கு ஓரிடத்தில் வெட்டலாம். 30 சென்ரிமீற்றர் சதுரச் சட்டத்துக்கு 1.2 மீற்றர் போதும். 5 மீற்றர் சுருளொன்றில் நான்கு சட்டம் முடியும். மீற்றருக்கு 4.8 வொட் எடுக்கும் பட்டியென்றால், ஒரு சட்டத்துக்கு 6 வொட்டுக்கும் குறைவு. ஒரு அம்பியர் எடெப்டர் தாராளம்.

பெயர் எழுத்துகள் உள்ளே தலைகீழாகத் தெரியுமோ என்று சிலர் பயப்படுவார்கள். தெரியாது. எழுத்து கண்ணாடிக்குச் சமாந்தரமாக நின்றால் ஒவ்வொரு வளையத்திலும் நேராகவே வாசிக்கலாம். இரு பக்கமும் ஒளிவிடும் எழுத்தாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஓடர் எடுக்கும்போது அரைவாசிப் பணத்தை முற்பணமாக வாங்குங்கள். பெயர் போட்ட சாமானை வேறு எவருக்கும் விற்க முடியாது. மாட்டிய பிறகு வருடத்துக்கொரு முறை போய்ப் பட்டியையும் எடெப்டரையும் பார்த்துக் கொடுத்தால், அதே வாடிக்கையாளர் அடுத்த கிளை திறக்கும்போது உங்களைத்தான் கூப்பிடுவார். கொள்கலனில் வரும் விளக்கை எவரும் இறக்கலாம். அளவெடுத்து, மாட்டி, பழுது பார்த்துக் கொடுக்கும் வேலையை அப்படி இறக்க முடியாது.

ஆகவே பரிசு விளக்காக எடுப்பதென்றால் ஒரு பருவத்துக்குப் போதுமான அளவு, இருபதோ முப்பதோ எடுங்கள். பக்கத்துக் கடைக்கு வருமுன் விற்று முடித்துவிடுங்கள். நீண்டகாலம் இதில் நிற்க விரும்பினால் கண்ணாடிக் கடைக்காரரோடும் தச்சரோடும் பேசத் தொடங்குங்கள். முதல் சட்டத்தைச் செய்து உங்கள் கடையிலேயே மாட்டுங்கள். வருபவர்கள் எவ்வளவு நேரம் அதன் முன் நிற்கிறார்கள் என்று ஒரு மாதம் கவனியுங்கள். மேற்கொண்டு முதல் போடுவதா இல்லையா என்பதற்கு அதைவிட நல்ல ஆலோசனை எனக்குத் தெரியாது.